மாடி எடுக்கும் முன் வீட்டைச் சோதித்தோம்: ஒரு பொறியாளர் அலுவலகத்தின் சேவை பற்றி

பழைய தரைத்தள வீட்டின் மொட்டை மாடியில் இன்னொரு வீடு கட்ட நினைப்பவர்கள், பிளான் போடுபவரிடம் போவதற்கு முன்னால் கட்டடத்தின் தாங்கும் சக்தியைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தரும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நாங்கள் கூப்பிட்டோம். 42,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. செலவழித்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது என்றுதான் சொல்வேன். குறைகளும் இருந்தன, அவற்றையும் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. சென்னையில் மட்டுமல்ல, மதுரை, கோவை, திருச்சி எல்லா ஊரிலும் இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில். தபால் துறையில் வேலை பார்த்த அப்பா, வீட்டுக் கடன் வாங்கி 1991-ல் கட்டியது. ஏறக்குறைய 900 சதுர அடி, 9 அங்குலச் செங்கல் சுவர், மொசைக் தரை, முன்னால் போர்டிகோ. அப்பா இப்போது இல்லை. அம்மா கீழே இருக்கிறார். நானும் கணவரும் பிள்ளைகளும் வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவைத் தனியாக விட்டு வைக்க மனமில்லை, அவருக்கோ அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை. எனவே மேலே கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அந்தக் கண்ணோடு பார்த்த சில விஷயங்களும் இதில் வரும்.

முதலில் வந்த மேஸ்திரி போர்டிகோ மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் காட்டி, "ஐயா மாடிக்குன்னுதாம்மா கம்பி விட்டு வெச்சிருக்காரு, தாராளமா ஏத்தலாம், ரெண்டு மாடி கூட எடுக்கலாம்" என்றார். அனுபவசாலி, நல்ல மனிதர். கட்டுமான வேலையை அவரிடம்தான் கொடுக்கப் போகிறோம். ஆனால் அந்தக் கம்பியைப் பார்த்துச் சொன்ன வாக்கை நம்பி அம்மா தூங்கும் அறைக்கு மேல் பல டன் சுமையை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. அதற்கு முந்தைய வருடம் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் போனார்கள். அங்கே அனுமதியே இல்லாமல் மேல்தளங்களை ஏற்றியிருந்தார்கள். நம் வீடு அவ்வளவு பெரிதில்லைதான். ஆனாலும் கீழே இருப்பதற்குத் தாங்குமா என்று பார்க்காமல் மேலே ஏற்றுவது என்கிற காரியம் ஒன்றுதான்.

விசாரித்தபோது வேறொருவர் 8,000 ரூபாய்க்குச் சோதித்துத் தருவதாகச் சொன்னார். கான்கிரீட் மேற்பரப்பில் அடித்து வலிமையை மதிப்பிடும் சுத்தியல் சோதனை மட்டும் செய்து சான்றிதழ் கொடுப்பாராம். அது ஏன் போதாது என்பது பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். போனில் பேசியபோதே பெரிய பொறியாளர், "மேடம், உங்க வீடு பில்லர் வெச்ச வீடா, சுவர் தாங்குற வீடான்னு பாக்காம நான் ரேட்டே சொல்ல மாட்டேன்" என்றார். அரசிடம் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் என்ற பதிவு எண்ணை நாங்கள் கேட்காமலே அனுப்பினார்.

வந்து பார்த்ததும் முதல் அரைமணி நேரத்தில் மேஸ்திரியின் வாதம் முடிந்துபோனது. நீட்டியிருந்த கம்பிகள் போர்டிகோவின் பில்லர்களில் மட்டும்தான். வீட்டின் மற்ற பாகம் முழுக்கச் சுமையைச் சுவர்தான் தாங்குகிறது, பில்லரே கிடையாது. கம்பியையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார்கள். 12 மில்லிமீட்டர் கம்பி முப்பது வருட மழையில் துருவேறி, சில இடங்களில் 10 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மொட்டை மாடியில் இப்படிக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் தலையெடுத்ததும் மேலே கட்டுவார்கள் என்று அப்பாக்கள் விட்டு வைத்தவை. அப்பா அந்தக் கம்பியை என்ன நினைப்போடு விட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த அளவைக் கேட்டபோது வருத்தமாகத்தான் இருந்தது. விடுபவர்கள் குறைந்தபட்சம் அதன்மேல் சிமெண்ட் பால் அடித்து, சிமெண்ட் குறைவாகக் கலந்த கான்கிரீட்டால் மூடி வைக்க வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். புதிதாகக் கட்டுகிற எல்லோரும் இதைச் செய்யலாம்.

சுவர் தாங்கும் வீடு என்றால் கேள்வி அஸ்திவாரத்துக்குப் போகிறது. வெளிப்பக்கம் சுவரோரம் ஒரு குழி தோண்டினார்கள். இரண்டரை அடி அகலக் கருங்கல் அஸ்திவாரம், நல்ல நிலையில் இருந்தது. அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளேயும் ஒரு குழி வேண்டும் என்றார்கள். அம்மா பதறிப்போனார். "தம்பி, அந்த மொசைக் இனிமே எங்கப்பா கிடைக்கும்?" என்றார். கூட வந்திருந்த இளம் பொறியாளர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். வெளிச்சுவர் மேல் ஒரு பக்கத்து ஒட்டு, அதாவது கூரைக் கான்கிரீட் தளம், மட்டும்தான் உட்காருகிறது, நடுச்சுவர் மேலோ ஹாலின் ஒட்டும் படுக்கையறை ஒட்டும் இரண்டும் உட்காருகின்றன. அதிகச் சுமை நடுச்சுவரில்தான். அதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாதும்மா என்றார். கடைசியில் ஸ்டோர் ரூமில், அரிசி டிரம் வைத்திருந்த மூலையில் அம்மாவே இடம் காட்டினார். மொசைக்கை இயந்திரத்தால் சதுரமாக அறுத்து, உடையாமல் எடுத்து வைத்துவிட்டுத் தோண்டினார்கள்.

அங்கே அகலம் இரண்டடிதான். வெளிச்சுவரைவிட அதிகம் சுமக்கிற சுவருக்கு அதைவிடக் குறுகலான அஸ்திவாரம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படித்தான் என்று பொறியாளர் சொன்னார். தரைத்தளம் மட்டும் என்றால் அது தாராளம், மாடி வரும்போதுதான் கணக்கு இறுகுகிறது. இந்த ஒரு அளவுதான் எங்கள் வீட்டின் தலையெழுத்தை முடிவு செய்தது. உள்குழி தோண்டாத சோதனையை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

மண் விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். பல்லாவரம், பரங்கிமலை, குரோம்பேட்டைப் பக்கமெல்லாம் சார்னோகைட் என்ற கடினப் பாறை. பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சிதைந்த பாறையும் முரம்பும் வந்துவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கத்துக் களிமண்ணில் இதே வீடு இதே அஸ்திவாரத்தோடு இருந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்றார். மண் பரிசோதனைக்குத் தனி ஆட்கள் வந்து முன்வாசலில் துளை போட்டார்கள். அதற்குத் தனியாக 15,000 ரூபாய். இந்தச் செலவை முதலிலேயே சொல்லவில்லை என்பது என் முதல் குறை. விலைப்பட்டியலில் "மண் விவரம் வாடிக்கையாளர் தர வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அது இவ்வளவு செலவு என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சுவருக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து செங்கற்களை எடுத்துப் போய் நசுக்கிப் பார்த்தார்கள். லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் வீடு முழுக்கச் சுற்றி வருகிறதா என்று சுவர்மேல் ஒரு கருவியை நகர்த்திப் பார்த்தார்கள். நிலநடுக்கத்தில் சுவர் தாங்கும் வீட்டைப் பிரியாமல் பிடித்து வைப்பது அந்தப் பெல்ட்தான். சென்னை 2002 வரை நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்தில் இருந்தது, குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்கு அடுத்த வருடம் வந்த திருத்தத்தில் ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலமானது. 1991-ல் கட்டிய வீட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்கள் வீட்டில் ஸ்டோர் ரூம் சுவர் தவிர மற்ற இடங்களில் பெல்ட் முழுதாக ஓடியிருந்தது. அப்பாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

இனி சுத்தியல். கான்கிரீட் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே உள்ள எடை அடித்துத் திரும்புகிறது, எவ்வளவு திரும்புகிறதோ அதை வைத்து வலிமையை மதிப்பிடுவார்கள். எங்கள் மொட்டை மாடி ஒட்டின் அடிப்பக்கத்தில் அடித்ததில் சதுர மில்லிமீட்டருக்கு 22-லிருந்து 24 நியூட்டன் வரை வலிமை என்று வந்தது. அந்தக் காலத்து 1:2:4 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு மணல், நான்கு ஜல்லி) 15 வந்தாலே போதும். நான் மகிழ்ந்துபோனேன். பெரிய பொறியாளர் மகிழவில்லை. "இது பழைய கான்கிரீட் மேடம், மேல்தோல் கெட்டியாயிடும், சுத்தியல் நம்மள ஏமாத்தும். கோர் எடுக்காம நான் நம்பறதில்ல" என்றார்.

ஒட்டிலிருந்து உருளை உருளையாக மூன்று துண்டுகள் துளைத்து எடுத்தார்கள், இவைதான் கோர். கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியில் பார்த்துக் கோடு போட்ட பிறகே துளைத்தார்கள். எடுத்த துண்டின் மேல் ஒரு பாட்டிலிலிருந்து நிறமற்ற திரவத்தைத் தெளித்தார்கள். என்ன திரவம் என்று கேட்டால், பினால்ப்தலீன்! பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் தரம் பார்த்தல் சோதனையில் நான் சொட்டுவிடும் அதே நிறங்காட்டி. துண்டின் உட்பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பானது. வெளிப்புறத்தில் ஒரு விளிம்பு மட்டும் நிறமே மாறாமல் சாம்பலாக நின்றது.

இதை நான் வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி, கான்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போலாகிறதே, அதே வினை. கார்பனேட் ஆன பகுதியில் காரம் போய்விடும், அதனால் நிறம் வராது. அந்தச் சாம்பல் விளிம்பு கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பிக்குக் காப்பு போய்விட்டது என்று அர்த்தம், ஈரமும் சேர்ந்தால் துருதான். கார்பனேட் ஆன மேற்பரப்பு முன்பைவிடக் கெட்டியாகவும் ஆகிவிடுவதால் சுத்தியல் நன்றாக எம்பி, வலிமையை அதிகமாகக் காட்டும். அப்படிப்பட்ட பரப்பில் மதிப்பீடு மோசமான நிலையில் 50 சதவீதம் வரை கூடுதலாக வரலாம் என்று 1992-ல் வந்த இந்தியத் தர நிர்ணய ஆவணமே எச்சரிக்கிறது. சாதாரண நிலையிலேயே 25 சதவீதம் முன்பின் இருக்கும்.

கோர் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் நசுக்கியபோது சராசரி 15.5 வந்தது. சுத்தியல் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எம்15, அதாவது 15 வலிமை வர வேண்டிய கான்கிரீட்டுக்கு, கோர் சராசரி அந்த 15-ல் 85 சதவீதமும், எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர ஆவணத்தின் விதி. எங்கள் ஒட்டு தேறியது. ஆனால் 22 என்று நம்பிக் கணக்குப் போட்டிருந்தால்? அந்த 8,000 ரூபாய்ச் சான்றிதழில் அந்த எண்தான் இருந்திருக்கும். பழைய வீட்டுக்குச் சுத்தியல் மட்டும் அடித்துத் தரும் சேவையை வாங்கவே வாங்காதீர்கள்.

குளியலறை மேலுள்ள ஒட்டில் மட்டும் நிலைமை மோசம். அங்கே பல வருடங்களாக நீர்க்கசிவு. சாம்பல் விளிம்பு கம்பியைத் தாண்டிப் போயிருந்தது, பூச்சைத் தட்டியதும் அடியில் கம்பி உப்பி உதிர்ந்தது. அந்தப் பகுதியைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி கட்டி, பழுதுபார்க்கப் பயன்படும் மைக்ரோ கான்கிரீட் போட்ட பிறகே மேலே வேலை தொடங்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவைப் பல வருடங்களாகப் பயமுறுத்திய ஒரு விரிசல் உண்டு. ஹாலில் ஒட்டுக்குச் சற்றுக் கீழே, சுவர் நீளத்துக்குப் படுக்கை வாட்டில் ஓடும். அஸ்திவாரம் இறங்குகிறது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பொறியாளர் அதைப் பார்த்ததும், "அம்மா, இது அஸ்திவாரத்தால வந்ததில்ல. அஸ்திவாரம் இறங்கினா விரிசல் சாய்வாகவோ படிபடியாகவோ வரும். இது வெயில்ல ஒட்டு விரியுது, ராத்திரி சுருங்குது, சுவர் கூடப் போக மாட்டேங்குது, அதான்" என்றார். மேலே வீடு வந்து ஒட்டுமேல் நேரடி வெயில் படாமல் போனால் அந்த விரிசல் அடங்கிவிடுமாம். அது நகர்கிறதா என்று பார்க்க விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். அம்மா தினமும் காலையில் காபியோடு போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்தப் பதிலுக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

அறிக்கை சொன்ன முடிவு இது. முதல் மாடி எடுக்கலாம், இரண்டாவது மாடி கூடாது. மாடி வந்தபின் நடுச்சுவர் அஸ்திவாரத்தின்கீழ் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 16 டன் அழுத்தம் வரும், எங்கள் மண் பாதுகாப்பாகத் தாங்குவது 20 டன். இன்னொரு தளம் ஏறினால் 20-ஐத் தாண்டிவிடும். எதிர்காலத்தில் யாராவது ஆசைப்பட்டால் அஸ்திவாரத்தை அகலப்படுத்தாமல் முடியாது என்று தனி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வரியை என் மகனுக்கும் படித்துக் காட்டினேன்.

நிபந்தனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மொட்டை மாடித் தளம் பற்றியது. அந்தக் காலத்தில் ஒட்டுமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். நாலு அங்குலம் கனமுள்ள அந்தத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. குடியிருப்பு அறைகளில் ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறியாளர்கள் கணக்கில் எடுக்கும் எடையே 200 கிலோதான். அந்தத் தளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டால் வீட்டின் தலையிலிருந்து ஏறக்குறைய 16 டன் இறங்கிவிடும். மேலே வீடு வந்தபின் அந்தத் தளத்துக்கு வேலையும் கிடையாது. மேஸ்திரி அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

மேல்தளச் சுவர்கள் கீழ்த்தளத்தின் 9 அங்குலச் சுவர்களுக்கு நேர் மேலேதான் வர வேண்டும். கீழே சுவர் இல்லாத இடத்தில் தடுப்பு வேண்டும் என்றால் எடை குறைந்த பலகைத் தடுப்புதான். கீழே நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் இருக்குமிடத்தில் ஏஏசி பிளாக் என்ற எடை குறைந்த கல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் புது ஒட்டின் சுமை வரக்கூடாது. என் கணவர் ஆசைப்பட்ட ஹால் நடுவே வரும் படிப்பறைச் சுவர் இதில் அடிபட்டுப்போனது. குளியலறை கீழ்க் குளியலறைக்கு மேலேயே வருகிறது. தண்ணீர்த் தொட்டி 1,000 லிட்டர் என்றால் ஒரு டன், அது வெளிச்சுவர்கள் சந்திக்கும் மூலையில்தான். போர்டிகோ மேலே பால்கனி மட்டும், அறை கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமான பக்கம் ஒன்று உண்டு. கட்டி முடித்த வீட்டைப் பற்றியல்ல, கட்டும்போது நடக்கும் ஆபத்தைப் பற்றியது. புது ஒட்டுக்குச் சென்ட்ரிங் முட்டுகள் எல்லாம் பழைய ஒட்டுமேல்தான் நிற்கும். 5 அங்குலப் பச்சைக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல், பலகை, முட்டு, வேலையாட்கள் எடை தனி. பழைய ஒட்டு நடமாட்டமுள்ள மொட்டை மாடியாக 150 கிலோ கூடுதல் சுமைக்குப் போடப்பட்டது. அதாவது வீடு தன் ஆயுளில் சந்திக்கப் போகும் மிகக் கடினமான நாட்களில் ஒன்று, மேலே கான்கிரீட் போடும் நாள். அதனால் பழைய ஒட்டுக்கு அடியிலும், அம்மாவின் ஹாலிலும் படுக்கையறையிலும், மேல்முட்டுகளுக்கு நேர் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். புது ஒட்டு இறுகும் வரை எடுக்கக் கூடாது. சவுக்குக் கம்பு வேண்டாம், இரும்பு ஜாக்கி வைத்து இறுக்கும் முட்டுதான் என்று எழுதியிருக்கிறார்கள். எம்சாண்டை மாடியில் ஓரடி உயரத்துக்குக் குவித்தால் சதுர மீட்டருக்கு அரை டன், ஆகவே மணலும் செங்கலும் தரையிலேயே இருக்க வேண்டும், அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் மேலே, அதுவும் சுவரோரமாக.

இதை எனக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பேசிய மேஸ்திரிகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள் ஒருவர்கூடக் கீழ்வீட்டுக்குள் முட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை. மேலே கான்கிரீட் போடுகிற நாட்களில் அம்மா என்னோடு வேளச்சேரியில் இருப்பார் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக அட்டவணை. நிபந்தனைகள் எங்கோ கடைசியில் ஒளிந்திருந்தன. அதை நடைமுறைப்படுத்தப் போவது மேஸ்திரி, கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள். அவர்களுக்குப் புரியாத அறிக்கை எங்கள் பீரோவில் பத்திரமாக இருப்பதால் வீட்டுக்கு என்ன பலம்? தமிழில் வேண்டும் என்று விடாமல் கேட்டேன். இரண்டு பக்கத்தில், படத்தோடு, எந்தச் சுவர் எங்கே, எது கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அது அருமையாக இருந்தது. கேட்காமலே எல்லோருக்கும் அதைக் கொடுக்க வேண்டும். கோர் எடுத்த துளைகளைச் சுருங்காத கலவையால் அடைத்தது நல்ல வேலை, ஆனால் அதன்மேல் பெயர்த்த தட்டோட்டைச் சரியாகப் பதிக்காமல் போனதில் அடுத்த மழையில் ஹால் மூலையில் ஈரம் இறங்கியது. சொன்னதும் ஆள் அனுப்பிச் சரிசெய்தார்கள். ஸ்டோர் ரூம் மொசைக்கை மட்டும் பழையபடியே பதித்திருந்தார்கள், கோடு தெரியவே இல்லை. ஆய்வுக்கூட முடிவு சொன்ன தேதிக்கு வரவில்லை, நாங்கள்தான் திரும்பத் திரும்பப் போன் செய்தோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சேவையில் திட்ட அனுமதி வாங்கித் தருவது சேராது, அது தனி வேலை. அனுமதி கிடைத்துவிட்டால் வீடு தாங்கும் என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, தரையோடு முதல் மாடியோ கட்ட ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம், அலைச்சல் மிச்சம். ஆனால் பழைய வீட்டின் நடுச்சுவர் அஸ்திவாரம் இரண்டடிதான் என்பதை எந்த இணையதளமும் தோண்டிப் பார்க்காது. பெரிய அடுக்குமாடி, பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் ஆகியவையும் ஆலோசனை தருகின்றன. எங்களைப் போன்ற தனி வீட்டுக்கு இப்படியொரு அலுவலகம் போதும்.

நீங்கள் கேட்க வேண்டியவற்றை நான் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உள்சுவர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பீர்களா, கோர் எடுப்பீர்களா, மண் பரிசோதனை கட்டணத்தில் சேர்த்தியா, கட்டும்போது முட்டுக் கொடுக்கும் முறையை எழுதித் தருவீர்களா, வேலையாட்களுக்குத் தமிழில் ஒரு தாள் தருவீர்களா. இவற்றில் முதல் இரண்டுக்கு இல்லை என்று பதில் வந்தால் அடுத்த அலுவலகத்தைப் பாருங்கள். எத்தனை மாடி வரை போகலாம், அதற்கு மேல் ஏன் போகக்கூடாது என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

வேலை தை மாதம் தொடங்குகிறது. முதலில் குளியலறை ஒட்டு, பிறகு தட்டோட்டுத் தளத்தைப் பெயர்ப்பது. பெயர்த்த ஜல்லியை மாடியில் குவிக்காமல் அன்றன்றே இறக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் தமிழ்த் தாளைக் கொடுத்துப் பேசியாகிவிட்டது. முழுதும் படித்துவிட்டு, "இதுல இருக்கறபடியே செஞ்சிடலாம்மா, முட்டு வாடகைக்கு மட்டும் தனியாக் கொடுத்துடுங்க" என்றார். நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். கம்பி கட்டி முடித்ததும் ஒருமுறையும், முட்டுக் கொடுத்தபின் கான்கிரீட் போடுவதற்கு முன் ஒருமுறையும் அதே பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட, வருகைக்கு 2,500 ரூபாய் என்று பேசி வைத்திருக்கிறோம்.